இடது கண்ணின் வெள்ளைப் பொட்டு

தொழிலில் எல்லோருக்கும் அவள் மீட்டர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். வெளிச்சத்தை அளக்கும் கைக்கடக்கமான அந்தக் கருவி இருபது வருடமாக அவள் கழுத்தில் தொங்குகிறது. தூங்கும்போதாவது கழற்றுவாளா என்று கேட்டு அவள் கணவனை அவன் நண்பர்கள் ஓட்டுவார்கள். ஆடைக் கம்பெனிகளுக்குப் படம் எடுப்பது அவள் பிழைப்பு. கறுப்புத் துணியைக் கறுப்பாகவும் காட்ட வேண்டும், அதன் நெசவும் தெரிய வேண்டும் என்றால் அவளிடம்தான் வருவார்கள். வெளிச்சம் என்று வந்துவிட்டால் அவளிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் வரை திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு எடுத்தது குளிர்கால கோட்டுகள். கம்பெனியை நடத்தும் அம்மாளுக்கு ஸ்டூடியோவில் கோட்டம்மா என்றே பெயர். கோட்டுகளை விற்க அச்சடிக்கும் படப் புத்தகத்தின் முதல் அட்டைக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "பொண்ணு நேரா பார்க்கணும். வாங்க வர்றவ கண்ணுக்குள்ளயே பார்க்கணும். பக்கவாட்டுப் படமெல்லாம் உள்ளே போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் வந்து பார்ப்பதாகப் போய்விட்டார்.

மாடலாக வந்த பெண்ணைக் கொக்கு என்பார்கள். கழுத்து அப்படி. அவளும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை; நாலு பேர் சேர்ந்தால் ஒற்றைக் காலில் நின்று காட்டிச் சிரிக்கவும் வைப்பாள். மூன்று வருடமாக வேலை செய்கிறாள். மீட்டருடன் அதுதான் முதல் முறை.

வந்ததுமே கொக்கு சொன்னாள்: "அக்கா, எனக்கு வலது பக்கம்தான் எடுப்பா வரும். எல்லாரும் அப்படித்தான் எடுப்பாங்க."

"என்கிட்ட ரெண்டு பக்கமும் எடுப்பா வரும். நீ உட்காரு" என்றாள் மீட்டர்.

கொக்கு உட்கார்ந்தாள். மேக்கப் போடும் பெண் முகத்தை முடித்ததும், கொக்கு மை பென்சிலைக் கையில் வாங்கிக்கொண்டு, "கண்ணு மட்டும் நானே போட்டுக்கறேன்" என்று கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சில பெண்கள் அப்படித்தான், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மீட்டர் வெளிச்சத்தை அமைத்தாள். கேமராவுக்குச் சற்று மேலே வெள்ளைத் துணி போர்த்திய பெரிய பெட்டி விளக்கு ஒன்று. முகவாய்க்குக் கீழே, நிழலை நிரப்ப ஒரு வெள்ளை அட்டை. பின்னால் தோளின் ஓரத்தைக் கோடு போட்டுக் காட்ட ஒல்லியான விளக்கு ஒன்று. அவ்வளவுதான். முகத்துக்கு நேராகக் கருவியை நீட்டி அளந்தாள். எண் சரியாக வந்தது. பத்துப் படம் எடுத்தாள்.

மேசையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது அவள் கொழுந்தன். எடுக்க எடுக்கப் படங்கள் அவன் திரையில் வந்து விழும். பெரிதாக்கிப் பார்த்துக் குறை சொல்வது அவன் வேலை. அதைக் கொஞ்சம் ரசித்தே செய்வான்.

"அண்ணி, இங்க வாங்க. எக்ஸ்ட்ரா லைட் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"கண்ணைப் பாருங்க."

மனிதக் கண் ஒரு சின்னக் கண்ணாடி. எதிரே எந்த விளக்கு எரிந்தாலும் கருவிழியில் ஒரு வெள்ளைப் பொட்டாக விழும். அந்தப் பொட்டு இல்லாவிட்டால் முகமே செத்துப்போய்விடும். மீட்டர் எந்தப் படத்திலும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒரே விளக்கு என்றால் இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் பொட்டு விழ வேண்டும். திரையில் வலது கண்ணில் அது கருவிழியின் உச்சியில், கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில், ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. இடது கண்ணில் காதுப் பக்கமாக நழுவி, இரண்டு மணியில் கிடந்தது.

"அந்தப் பக்கம் எங்கிருந்தோ வெளிச்சம் வருது" என்றாள் மீட்டர்.

இதுதான் ஆரம்பம். அதற்குப் பிறகு நடந்த தேடலை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கும்.

முதலில் ஜன்னல். ஸ்டூடியோ இருந்த மாடி ஒரு காலத்தில் அட்டைப்பெட்டிக் கிடங்கு. உயரத்தில் வரிசையாக ஜன்னல்கள். கறுப்புத் திரைகளை இழுத்து, இடுக்குகளில் டேப் ஒட்டினாள். படம் எடுத்தாள். பொட்டு அங்கேயே இருந்தது. அடுத்து மேக்கப் கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகளை அணைத்தாள். தண்ணீர் பாட்டில் எவர்சில்வர், அதைத் தூக்கி வெளியே வைத்தாள். கோட்டின் பித்தளைப் பொத்தான்களில் டேப் ஒட்டினாள். கண்ணாடிக் கதவின் மேல் போர்வையைப் போட்டாள். கொழுந்தன் திரையின் வெளிச்சமாக இருக்குமோ என்று மேசையையே திருப்பிப் போட வைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த அறையில் இண்டு இடுக்கு விடாமல் தேடினாள்.

பொட்டு அசையவே இல்லை. சரியாகச் சொன்னால், அதைவிட மோசம்: ஒரு படத்தில் சரியாக இருக்கும், அடுத்ததில் நழுவியிருக்கும். விளக்கைத் தொடாமலே அப்படி.

"விளக்கு நகரலை, கேமரா நகரலை, அப்புறம் பொட்டு மட்டும் எப்படி நகரும்?" என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"ஏதாவது பேய் பிசாசா இருக்குமோ?" என்றாள் மேக்கப் பெண்.

"நீ சும்மா இரு."

ஒவ்வொரு விளக்காக அணைத்து, கடைசியில் பெட்டி விளக்கு ஒன்றை மட்டும் வைத்து எடுத்தாள். அப்போதும் அதே கதை. இருபது வருட அனுபவம் காலுக்கடியில் நழுவுவது போலிருந்தது அவளுக்கு. தன் கண்தான் கெட்டுவிட்டதோ, கேமரா பொய் சொல்கிறதோ, லென்ஸுக்குள் ஏதாவது கழன்றுவிட்டதோ. லென்ஸை மாற்றினாள். ஒன்றும் மாறவில்லை.

இவ்வளவு நேரமும் கொக்கு நாற்காலியில் கோட்டும் கையுமாக, வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தாள். "அசையாதே" என்றால் அசையவில்லை. "இந்தப் பக்கம் பாரு" என்றால் பார்த்தாள். ஒற்றைக் கால் விளையாட்டெல்லாம் எங்கோ போய்விட்டது. பேசவே இல்லை. ஒரே ஒரு முறை, "பக்கவாட்டுல எடுத்துட்டா முடிஞ்சிடும்ல அக்கா?" என்றாள். மீட்டர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் கொழுந்தன் இரண்டாவது குண்டைப் போட்டான்.

"அண்ணி, பொட்டை விடுங்க. பாவையைப் பாருங்க. கருவிழி நடுவுல இருக்கே கறுப்பு வட்டம், அது வலது கண்ணுல கடுகு மாதிரி இருக்கு. இடதுல மிளகு மாதிரி இருக்கு."

மீட்டர் குனிந்து பார்த்தாள். உண்மைதான். அவள் முகம் மலர்ந்தது.

"அப்ப அந்தப் பக்கம் இருட்டா இருக்கு! இருட்டுல பாவை பெருசாகும். வெளிச்சம் ஏறுக்கு மாறா விழுது, அதான் விஷயம்." அளவுகருவியைத் தூக்கிக்கொண்டு ஓடி இடது கன்னத்தருகே வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். வலது கன்னத்தில் வைத்தாள். ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை.

அதற்குள் கொழுந்தன் போனில் எதையோ தேடிப் படித்துவிட்டிருந்தான். அவன் குரல் மாறியிருந்தது.

"அண்ணி... ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் அடிச்சாலும் ரெண்டு பாவையும் சேர்ந்துதான் சுருங்குமாம். ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருந்தா, அது லைட்டுப் பிரச்சினை இல்லையாம்."

"பின்னே?"

"தலையில அடிபட்டிருந்தா அப்படி ஆகுமாம். உள்ளே ரத்தம் கசிஞ்சா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம்."

மேக்கப் பெண்ணின் கையிலிருந்து பிரஷ் கீழே விழுந்தது. மீட்டர் கொக்கைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து பேசாமல், அசையாமல், வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்த பெண்! மீட்டரோ பொத்தானுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்!

ஓடிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டாள். "ஏம்மா, நேத்து எங்கயாவது விழுந்தியா? தலையில அடிபட்டுதா? வாந்தி வருதா? இது எத்தனை விரல்?"

"மூணு" என்றாள் கொக்கு.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய். அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லை."

"தம்பி, ஆம்புலன்ஸுக்குப் போன் போடு!"

"வேண்டாம்!" என்று கொக்கு கத்தினாள். அந்தச் சத்தத்தில் எல்லோரும் உறைந்து போனார்கள். கொக்கு மற்ற மூவரையும் ஏதோ கணக்கெடுப்பது போலப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மைக் கோடு வலது கன்னத்தில் மட்டும் வழிந்தது.

"மீட்டரக்கா மட்டும் கொஞ்சம் வர்றீங்களா?" என்று எழுந்து உடை மாற்றும் அறைக்குப் போனாள்.

அது துணி தொங்கும் கம்பிகளுக்கு நடுவே இரண்டு பேர் நிற்க மட்டுமே இடமுள்ள அறை. கோட்டுகள் தோளில் உரசின. கதவைச் சாத்திக்கொண்டு கொக்கு சொன்னாள்: "இடது கண்ணு நிஜம் இல்லை."

மீட்டருக்குப் புரியவில்லை. "என்ன நிஜம் இல்லை?"

"செஞ்ச கண்ணு. ரெண்டு வயசுல கட்டி வந்து எடுத்துட்டாங்க. ரெண்டு கண்ணால பார்த்த ஞாபகமே எனக்குக் கிடையாது. அந்தப் பாவை பெயிண்ட் பண்ணினது. அது சுருங்காது, விரியாது. கண்ணைத் திருப்பினா கொஞ்சம்தான் கூட வரும், முழுசா வராது. அதான் உங்க பொட்டு நழுவுது."

காலையிலிருந்து நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. தலை நேராக இருந்த படங்களில் பொட்டு சரியாக இருந்தது. தலையைத் திருப்பிக் கண்ணை மட்டும் கேமராவுக்குக் கொண்டுவந்த படங்களில் நழுவியது. இவ்வளவுதான். ஆனால் அது புரிந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மூணு மணி நேரமா நான் தேடறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தியே?"

"நீங்க ஜன்னல்னீங்க. நான் என்ன சொல்றது? இதோ விட்டுடுவாங்க, இதோ விட்டுடுவாங்கன்னு பார்த்தேன். நீங்க விடற ஆளா தெரியலை."

"யாருக்குத் தெரியும்?"

"எங்க வீட்டுக்கு. இப்ப உங்களுக்கு. அக்கா, வெளியே யாருக்கும் சொல்லாதீங்க. இந்த வேலையில ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்."

மீட்டர் ஒரு கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்ல வேண்டுமா, மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று பார்த்தாள். எதிரே நின்ற பெண்ணுக்கு இரண்டும் தேவைப்படுவதாகத் தெரியவில்லை. ஆகவே தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டாள்.

"அந்தப் பாவை எவ்வளவு பெருசு? நடுத்தரமா?"

"ம். சாதாரண ரூம் வெளிச்சத்துக்குச் சரியா இருக்கும். உங்க லைட்டுலதான் மத்தது ரொம்பச் சுருங்கிப்போகுது."

"அப்படின்னா வழி இருக்கு" என்றாள் மீட்டர்.

வெளியே வந்து, "ஒண்ணுமில்லை, அவளுக்கு டாக்டர் குடுத்த சொட்டு மருந்து, அதனால பாவை விரிஞ்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்றாள்.

"ஒரு கண்ணுக்கு மட்டுமா?" என்றான் கொழுந்தன்.

"ஆமா, ஒரு கண்ணுக்கு மட்டும். போ."

அவன் மேக்கப் பெண்ணோடு போனான். போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான்.

பெட்டி விளக்குக்குள் இரண்டு வெளிச்சம் உண்டு. படம் எடுக்கும் நொடியில் மின்னுகிற ஃப்ளாஷ் ஒன்று. எங்கே நிழல் விழும் என்று பார்ப்பதற்காக எப்போதும் எரிகிற பல்பு இன்னொன்று. கொக்கின் நல்ல கண்ணைச் சுருக்கியது அந்தப் பல்புதான். ஃப்ளாஷ் மின்னி மறையும் வேகத்தில் எந்தப் பாவையாலும் சுருங்க முடியாது. பல்பு எரியும்போதே மீட்டர் கேமராவை முக்காலியில் பூட்டி, கண்ணுக்குக் குறி பார்த்துவைத்தாள். பிறகு பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். அறை மங்கிக்கொண்டே வந்தது. அரை நிமிடம் காத்திருந்து ஒரு படம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். கடுகு கொஞ்சம் வளர்ந்திருந்தது. இன்னும் குறைத்தாள். நாலாவது தரம் இரண்டு பாவையும் ஒரே அளவுக்கு வந்தன.

"இப்ப ஒண்ணே ஒண்ணு. கண்ணைத் திருப்பாதே. மூக்கு எங்க பார்க்குதோ கண்ணும் அங்கதான் பார்க்கணும். திரும்பணும்னா தலையோட திரும்பு."

"அது எனக்குப் பழக்கம்தான்" என்றாள் கொக்கு.

அரை இருட்டில், ஃப்ளாஷ் மட்டும் விட்டு விட்டு மின்ன, முப்பது படம் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ணிலும் பன்னிரண்டு மணி இடத்தில் வெள்ளைப் பொட்டு. முப்பதையும் கொக்கு திரையில் பார்த்தாள். ஒன்றில் நெடுநேரம் நின்றாள். "இது யாரோ மாதிரி இருக்கு" என்றாள். நல்ல அர்த்தத்தில் சொன்னாளா, வேறு அர்த்தமா என்று மீட்டருக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை.

கோட்டம்மா வந்தார், பார்த்தார், மீட்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இதைத்தான் கேட்டேன்! கண்ணு நம்மளையே பார்க்குது!" என்றார். மீட்டர் தலையை ஆட்டினாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவரிடம் மறைத்தது தப்பா? அவர் கேட்டது கோட்டுப் படம். பெண்ணின் உடம்புக் கதையை அவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? அப்படியானால் பிறகு ஏன் திருடியதைப் போல இருக்கிறது?

கொழுந்தன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "என்னை வெளியே அனுப்பிட்டு என்ன மாயம் பண்ணினீங்க? எனக்குத் தெரியக்கூடாத அப்படி என்ன லைட்டிங்?" என்று வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சு. அவள் கணவன் ஒன்றும் புரியாமல் தம்பியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். மீட்டர் கொழுந்தன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

புத்தகம் வந்தது. அட்டை நன்றாகப் பேசப்பட்டது. அடுத்த பருவத்துக்கும் அதே ஜோடிதான் வேண்டும் என்றார் கோட்டம்மா. மீட்டர் சரி என்றாள். கொக்கு மாட்டேன் என்றாள்.

காரணம் சொல்லவில்லை. தேதி இல்லை என்று ஏஜென்சி சொன்னது. ஆனால் அதே தேதியில் அவள் வேறொருவரிடம் போயிருந்தது தெரியவந்தது. மீட்டர் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். 'வேலையில் இருக்கேன் அக்கா' என்று ஒரு வரி வந்தது. வேறு யாரோ படமெடுத்த அவள் விளம்பரங்கள் பத்திரிகைகளில் வந்தன. எல்லாம் வலப் பக்கம்.

நான் யாரிடமாவது உளறினேனா என்று மீட்டர் தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை. அன்றைக்கு ஏதாவது தப்பாகப் பேசினேனா? 'அப்படின்னா வழி இருக்கு' என்று சொன்னது தப்போ? அந்த வார்த்தையையே நாற்பது விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒரு விதத்தில் நல்லதாக இருந்தது. இன்னொரு விதத்தில் நோயாளியிடம் மருத்துவர் சொல்வதைப் போல இருந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

ஆறேழு மாதம் கழித்து, ஒரு விளம்பர நிறுவனம் இருக்கும் கட்டடத்தின் லிஃப்டில் இருவரும் தற்செயலாக மாட்டிக்கொண்டார்கள். கதவு மூடியபோது வேறு யாரும் இல்லை. கொக்கு முதலில் எண் பலகையைப் பார்த்தாள். பிறகு தலையோடு திரும்பி மீட்டரைப் பார்த்தாள்.

"என் மேல கோபமா அக்கா?"

"எனக்கென்ன கோபம்? நான் என்ன தப்பு பண்ணினேன்னு தெரியலை, அதான். சொன்னா திருத்திக்கலாம்."

"நீங்க ஒரு தப்பும் பண்ணலை."

"அப்புறம் ஏன் வரமாட்டேங்கறே?"

கொக்கு பையின் பட்டையை விரலில் சுற்றினாள். "மத்த இடத்துல நான் மறந்துடுவேன். வலது பக்கம்னு சொல்லுவேன், எடுப்பாங்க, வந்துடுவேன். அன்னைக்கு நீங்க எல்லாரையும் வெளியே அனுப்பினீங்க. லைட்டைக் குறைச்சீங்க. என் கண்ணுக்காக அதுவரைக்கும் யாரும் யாரையும் வெளியே அனுப்பினதில்லை. எனக்கு என்னவோ... செத்த வீடு மாதிரி இருந்துச்சு."

"நீதானேம்மா யாருக்கும் சொல்லாதீங்கன்னே?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்?"

கொக்கு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அவள் நெற்றியில் அது தெரிந்தது. லிஃப்ட் ஒரு மாடியில் நின்று, யாரும் ஏறாமல் மறுபடி கிளம்பியது.

"தெரியலையே அக்கா" என்றாள். "அந்தப் படத்தை எங்கம்மா சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்காங்க. வர்றவங்ககிட்டெல்லாம் காட்டறாங்க. எனக்கு அதைப் பார்த்தா சில நாள் பெருமையா இருக்கு. சில நாள் கழற்றி வைக்கணும்னு இருக்கு. ரெண்டுமே நிஜம்தான். நீங்க வந்து கேட்டா நான் எதைச் சொல்றது?"

ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று மீட்டரின் வாய் பரபரத்தது. கையால் கழுத்துக் கருவியைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. கொக்கு வெளியே கால் வைத்துவிட்டு நின்றாள். கதவைக் கையால் தடுத்துப் பிடித்தாள்.

"அடுத்த பருவம் வந்தா கேளுங்க. வருவேனான்னு தெரியாது. ஆனா கேளுங்க."

"கேக்கறேன்."

"அன்னைக்கு உங்க கொழுந்தன் அங்கேயே இருக்கட்டும். மேக்கப்காரங்களும் இருக்கட்டும். இல்லை, இருக்க வேண்டாம். அதையும் அன்னைக்கே சொல்றேன்."

கதவு மூடிக்கொண்டது. மீட்டர் எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று பலகையைப் பார்த்தாள். நினைவு வரவில்லை. தோன்றிய எண்ணை அழுத்தினாள். அது ஏதோ பல் மருத்துவமனை இருந்த மாடி. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் தலை நிமிர்ந்து அவளைப் பார்க்க, அவள் லிஃப்டை விட்டு வெளியே வந்து படியிறங்கத் தொடங்கினாள்.